பேச்சைத் திருப்பும் வித்தை

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை, தேனியில் எங்கள் வீட்டில் பத்துப் பெண்கள் கூடிப் புத்தகம் பேசுவோம். கல்லூரியில் வரலாறு படித்தபோது எனக்கு வந்த ஆசை இது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரீஸில் சில பெண்கள், வாரத்தில் ஒரு நாள் தங்கள் வரவேற்பறையை எழுத்தாளர்களுக்குத் திறந்து வைத்தார்கள். கல்விக்கூடங்களில் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் அந்த அறைக்குள் யார் பேசுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்தது. பேச்சு கசக்கத் தொடங்கினால் வலிக்காமல் வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். அதை நானும் பழகினேன். சாதி, கட்சி, யார் வீட்டு மருமகள் என்று எது தலைகாட்டினாலும், ஒரு கேள்வி கேட்டுக் கதைக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

சித்திரையில் மதுரையில் படிக்கும் என் மகள் வந்திருந்தாள். அன்று பேசிய கதையில் ஒரு பெண், வார்டனின் கெடுபிடி தாங்காமல் விடுதியை விட்டு ஓடிவருகிறாள்.

"அவளுக்காவது ஓடி வரத் தெரிஞ்சுச்சு. நான் மூணு மாசமா கிளாஸுக்கே போகல," என்றாள் மகள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே, "அந்த வார்டன் செஞ்சது சரின்னு நெனைக்கிறீகளா?" என்றேன். வார்டனைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். கூட்டம் நன்றாக நடந்ததாகக்கூட நினைத்தேன்.

மறுநாள் மதுரைக்குக் கிளம்பியவள் விடுதிக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு நாள் தேடினோம். மதுரைக்கு எதிர்த் திசையில், மலையடிவாரத்து லோயர் கேம்பில், கால்வாய்க் கரையில் தனியாக உட்கார்ந்திருப்பதாகக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. அழைத்து வந்தோம். நான் அழவில்லை. இப்போதும் அழுகை வரவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பாள். மூன்று மாதமாக அது ஒன்றுதான் பதில்.

கூட்டத்தை நிறுத்திவிட்டேன். போன ஞாயிறு, கூட்டத்துக்குப் போடியிலிருந்து வருபவர், ஒரு ஏலக்காய் வியாபாரியின் மனைவி, அவர் மட்டும் சொல்லாமல் வந்தார். மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஆத்தா, அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தே. உங்கம்மா வார்டனப் பத்திக் கேட்டாக. நாங்களும் கூறு இல்லாம அவளையே வஞ்சுக்கிட்டு இருந்துட்டோம். இப்பச் சொல்லு."

காபி போடட்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மகள் என்னைப் பார்க்காமல், "அம்மா இருந்தா சொல்ல மாட்டேன்," என்றாள்.

எழுந்து வெளியே வந்தேன். அவளே வந்து கதவைச் சாத்தினாள். இருட்டும்வரை தெருவில் நடந்தேன். திரும்பியபோது போடிக்காரம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.  மகள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.