மாதாவுக்குப் பின்னால் தொலைக்காட்சி

ஒக்டோபர் மாதம் வந்தால் மெல்பேர்னின் தென்கிழக்கில் இருக்கும் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மாலைநேரம் சொந்தமில்லை. மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். இன்று ஒரு வீட்டில் செபமாலை சொல்லி முடித்தால் சுரூபம் இரவு அங்கேயே தங்கும். மறுநாள் மாலை அந்த வீட்டுக்காரர் அதைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைக்க வேண்டும். மன்னாரில் இதையெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்துபோய்ச் செய்தோம். இங்கே காரின் பின் ஆசனத்தில் இருத்தி, மாதாவுக்கும் சீற் பெல்ற் போடுகிறோம்.

2012இல் எங்கள் வீட்டுக்கு விழுந்தது மாதத்தின் முதல் சனிக்கிழமை. தமிழ்ப் பூசை முடிந்து அதை அறிவித்தபோது பக்கத்தில் நின்ற என் மனைவி கண்ணை மூடி நன்றி சொன்னாள். நான் கண்ணைத் திறந்தபடியே கலங்கிப் போனேன். அந்தச் சனிக்கிழமைதான் இங்கிலாந்து லீக்கில் என்னுடைய சிவப்புச் சட்டைக்காரருக்கும் அதே நகரத்து நீலச் சட்டைக்காரருக்கும் ஆட்டம்.

இந்தப் பைத்தியத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கரையோர ஊர்களில் ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு உதைபந்தாட்டக் கழகம் இருக்கும். திருநாளுக்குக் கொடி ஏறினால் பின்னேரம் பந்தும் உருளும். நானும் எங்கள் கோயில் கழகத்துக்கு ஆடியவன்தான். பந்தை உதைத்ததை விட ஆளை உதைத்ததுதான் அதிகம். கால் ஓய்ந்த பிறகு வாய் ஆடத் தொடங்கியது. டான்டினோங்கில் நான் வேலை செய்த குளிர்களஞ்சியத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் எனக்கு இங்கிலாந்துதான். எந்த வீரனுடைய முழங்கால் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் முழங்கால் பற்றி வைத்தியர் சொன்னது நினைவில் இல்லை.

இங்கிலாந்து ஆட்டங்கள் பெரும்பாலும் நாங்கள் குறட்டை விடும் நேரத்தில்தான் வரும். அந்த ஆட்டம் அப்படியில்லை. இங்கே கோடை நேரத்துக்கு மணிக்கூட்டை மாற்ற ஒரு இரவு மிச்சம் இருந்ததால் இரவு ஒன்பதே முக்காலுக்கே தொடங்குகிறது. அதுவும் காசு கட்டாத அலைவரிசையில். இப்படியொரு பாக்கியம் வருவதே அரிது. அது வந்த நாளில் மாதாவும் வருகிறா.

சரி, எட்டு மணிக்குச் செபமாலை முடியும், ஒன்பதுக்குள் எல்லோரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள், பிறகு பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். பார்க்கலாம்தான். ஆனால் முந்தைய வருடம் நான் ஒரு காரியம் செய்திருந்தேன்.

முந்தைய வருடம் வேறொரு வீட்டில் செபமாலை நடந்தபோது நானும் இரண்டு கூட்டாளிமாரும் காற்று வாங்குகிறோம் என்று கராஜுக்குள் போனோம். ஒருவருடைய போனில் பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்தோம். முடிவு தெரிந்த ஆட்டம். முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு மனிதன் கத்துவானா? நான் கத்தினேன். உள்ளே மாதா பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. ஒருவர் மாதாவின் திருப்பெயர்களைச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லும் இடம். அந்த இடைவெளியில் சுவருக்குப் பின்னாலிருந்து என் குரல் "கோ...ல்!" என்று வந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சிரித்து விழுந்தார்களாம். அதன் பிறகு ஒரு வருடம் முழுக்க யார் கண்டாலும், "என்ன, இண்டைக்குக் கோல் ஒண்டும் இல்லையோ?" என்றுதான் சுகம் விசாரித்தார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்து முடித்ததும் காது சுடும்.

ஆகவே அந்தக் கிழமை முழுவதும் இரண்டு மனத்தோடு திரிந்தேன். வேலையிடத்தில் யார் யாரை இறக்குவார்கள் என்று விவாதித்தேன். வீட்டில் பூவும் மெழுகுதிரியும் வாங்கினேன். வியாழக்கிழமை மனைவியிடம் மெல்லப் பேச்சைத் தொடக்கினேன்.

"எல்லாரும் போனாப் பிறகு மாதாவைக் கவனமாத் தூக்கி மற்ற மேசையில வைச்சா என்ன?"

"வைக்கலாம். வந்த மாதாவைப் பந்துக்காக எழுப்பினது எண்டு பிறகு ஊர் கதைக்கும். அதையும் கேட்டுக்கொண்டு இருங்கோ."

எங்கள் வீட்டு வரவேற்பறையில் பீடம் வைக்க ஒரே ஒரு சுவர்தான் உண்டு. அதே சுவரில்தான் அந்தக் குளிர்காலத்தில் வாங்கிய பெரிய தொலைக்காட்சியும் இருந்தது. வெள்ளை விரிப்பால் அதைத் தலையோடு மூடி, மேலே பூமாலை தொங்கவிட்டு, முன்னால் மேசை போட்டுச் சுரூபத்தை வைப்பது என்று முடிவானது. கூட்டாளிமாருக்குப் போன் செய்து ஆட்டம் பார்க்க வரவேண்டாம் என்றேன். "உனக்கு என்ன, காய்ச்சலோ?" என்றான் ஒருவன். மாதாவுக்காக ஆசையை அடக்கி ஒறுத்தல் செய்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் ஒறுத்தல் என்றுதான் மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தவர்களில் நோபல் பார்க்கிலிருந்து வந்த ஒரு பெண்ணும் இருந்தா. அகதியாய்ப் படகில் வந்தவ. எங்கள் பக்கத்துக் கரையூர்தான். அவவை முகாமிலிருந்து வெளியே விட்டுவிட்டார்கள். கணவனை விடவில்லை. பாதுகாப்பு விசாரணை முடியவில்லை என்று டார்வினில் தடுப்பு முகாமிலேயே வைத்திருந்தார்கள். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பெண்களோடு ஒரு சின்ன வீட்டைப் பகிர்ந்துகொண்டு இருந்தா. மறுநாள் மாதா போக வேண்டியது அந்த வீட்டுக்குத்தான்.

அன்று அவ நல்ல நீல நிறத்தில் சுடிதார் போட்டு, நீலச் சால்வையும் போட்டிருந்தா. நான் வாசலிலேயே பாராட்டினேன்.

"மாதாவின்ர நிறத்திலேயே உடுத்திக்கொண்டு வந்திருக்கிறியள் தங்கச்சி. வடிவா இருக்கு."

அவ ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சிரித்துவிட்டு உள்ளே போனா.

செபமாலை குறையில்லாமல் முடிந்தது. முழங்காலில் நின்று, ஒரு முறையும் மணிக்கூட்டைப் பார்க்காமல், நானே பிரார்த்தனையைச் சொன்னேன். அன்ரிமார் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கடலையும் பற்றிஸும் தேத்தண்ணியும் போனபின் ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். அந்தப் பெண் மட்டும் போகவில்லை. குசினியில் மனைவியோடு நின்று கோப்பை கழுவினா. கழுவிய கோப்பைகளைத் துடைத்தா. பிறகு வந்து பீடத்துக்கு நேரே கதிரையில் இருந்து அந்த வெள்ளை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தா. புருஷனுக்காகத் தனியாக மன்றாடுகிறா என்று நினைத்து எனக்கு மனம் இளகியது.

ஆக இரண்டு மூன்று பேர் மிச்சம் இருந்த நேரத்தில் அவ மெதுவாகக் கேட்டா.

"அண்ணா, உங்கட ரீவி எங்க?"

"மாதாவுக்குப் பின்னால. இண்டைக்கு அவருக்கு லீவு."

இருந்தவர்கள் சிரித்தார்கள். அவவும் சிரித்தா.

"இல்லை, இண்டைக்கு மேட்ச் எண்டு சொன்னவை..."

என் காது சுட்டது. புதிதாக வந்தவவுக்கும் கராஜ் கதையைச் சொல்லிவிட்டார்கள், இவவும் பகிடி பண்ணுகிறா என்றுதான் எடுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினேன்.

"ஆர் சொன்னது? மாதா வந்த வீட்டில மேட்ச் பாக்கிற ஆக்கள் இல்லை தங்கச்சி நாங்கள். அதெல்லாம் விட்டாச்சு."

"ஓம் அண்ணா, அது சரிதான்" என்று அவ தலையைக் குனிந்துகொண்டா. நல்ல அடி கொடுத்தேன் என்று எனக்குத் திருப்தி.

அவவை வீட்டில் கொண்டுபோய் விட்டதும் நான்தான். ஒன்பதரை ஆகியிருந்தது. அந்த நேரத்தில் கார் எடுத்துப் போவதே பெரிய தியாகம் என்று நினைத்தேன். பாதி வழியில் அவ கேட்டா.

"அண்ணா, ரேடியோவில மேட்ச் சொல்லுவினமோ?"

இன்னும் விடுகிறா இல்லையே என்று எரிச்சல் வந்தது.

"சொல்லாயினம்" என்றேன். சொல்லி, மாதா பாட்டு சீடியைப் போட்டேன். வீடு வரும்வரை நாங்கள் இருவரும் மாதா பாட்டுக் கேட்டோம். இறங்கும்போது, "பெரிய உபகாரம் அண்ணா" என்றா. திரும்பி வந்து, விரிப்பைத் தொடாமல், ஒறுத்தல் செய்த மனிதனாகப் படுத்தேன். நல்ல நித்திரை.

விடிந்ததும் போனில் முடிவைப் பார்த்தேன். சிவப்பு இரண்டு, நீலம் ஒன்று. பூசையில் அதை எண்ணிச் சந்தோஷப்பட்டது வேறு கதை.

ஞாயிறு மாலை மாதாவைக் காரில் இருத்தி நோபல் பார்க்குக்குக் கொண்டுபோனோம். சின்ன முன்னறை. பக்கத்து வீடுகளில் வாங்கிய கதிரைகள். பழப் பெட்டியின் மேல் துணி விரித்துப் பீடம் செய்திருந்தார்கள். அந்த அறையில் தொலைக்காட்சி இல்லை. அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. செபமாலை முடிந்து, தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். அவ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டு நின்றா. முகாமில் போனுக்கு வரிசையில் நிற்க வேண்டும். கிடைக்கும்போது எடுத்தால்தான் உண்டு.

"ஓம், பாத்தனான்... அந்த அண்ணாவின்ர வீட்டிலதான்... சரியான பெரிய ரீவி. நீலத்திலதான் உடுத்திக்கொண்டு போனனான், நீங்கள் சொன்ன மாதிரியே... ஓம், உங்கட ஆக்கள் தோத்திட்டினம், பாவம்... எனக்கு அதுகள் விளங்காது, நீங்கள் சொல்லுங்கோ எப்பிடி அடிச்சவன் எண்டு..."

கையில் கிளாஸோடு நின்றேன். திரும்பி ஓடியிருக்கலாம். நின்று மிச்சத்தையும் கேட்டேன். அந்த முகாமின் பொது அறையில் அவன் பார்ப்பான், இங்கே இவ பார்ப்பா, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பந்தைப் பார்ப்போம் என்று ஒரு கிழமையாகப் பேசி வைத்திருக்கிறார்கள். நான் எந்த வீரன் வருவான் என்று எண்ணிக்கொண்டிருந்த அதே கிழமை. அந்த நகரத்தில் அவவுக்குத் தெரிந்த தொலைக்காட்சி என்னுடையதுதான். பந்துப் பைத்தியம் என்று பெயர் எடுத்தவனின் வீட்டில் கேட்கவே வேண்டியிருக்காது என்று நம்பி வந்திருக்கிறா.

அவ திரும்பினா. என்னைக் கண்டு முகம் வெளுத்துப் போனது. போனுக்குள் அவன் ஏதோ சொன்னான். அவ தயங்கிவிட்டு அதை என்னிடம் நீட்டினா.

"அண்ணா, உங்களோட கதைக்கோணுமாம்."

வாங்கினேன். என்னைவிட நல்ல இளமையான குரல்.

"அண்ணா, பெரிய உபகாரம். மாதா வந்த நாளிலயும் என்ர மனிசிக்காக மேட்ச் போட்டிருக்கிறியள். ஆர் செய்வினம்?"

"அது பரவாயில்லைத் தம்பி" என்றேன்.

"நீங்கள் சிவப்பாம். நான் நீலம். குறை நினையாதேங்கோ" என்று சிரித்தான். "எங்கட ஒரு கோல் விழேக்க நான் இஞ்ச கத்தினனான். இப்ப அவளும் கத்துவாள் எண்டு நினைச்சனான். உண்மையா, அவள் கத்தினவளோ அண்ணா? கேட்டா வெக்கத்தில சொல்லுறாள் இல்லை."

முன்னறையில் மாதாவுக்கு முன்னால் யாரோ பாட்டுத் தொடங்கியிருந்தார்கள். அவ என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றா.

"ஓம் தம்பி" என்றேன். "வீடு அதிரக் கத்தினவ. நீலத்துக்கு."

அந்தப் பக்கத்தில் அவன் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. யாரோ போனுக்காக அவசரப்படுத்த, வைத்துவிட்டான். நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஊரே கூடி நின்று கராஜ் கதையைச் சொல்லிச் சிரித்தபோதுகூட நான் அப்படி வெட்கப்பட்டதில்லை. கத்தினேன் என்று வெட்கப்பட்டு ஒரு வருடம் திரிந்தவன், கத்த வந்த ஒருத்தியை வாயைப் பொத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவ முந்திக்கொண்டா.

"அண்ணா, கோவியாதேங்கோ. உங்கட வீட்டைச் சொல்லிப் பொய் சொல்லிப்போட்டன். உங்களையும் சொல்ல வைச்சிட்டன்."

கண்ணை நிமிர்த்தவில்லை. நீலச் சால்வையின் நுனியால் போனைத் துடைத்துக்கொண்டே நின்றா. எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன்.

"அடுத்த சனி மேட்ச் இல்லைத் தங்கச்சி. அதுக்கடுத்த சனி இருக்கு. நான் வந்து ஏத்திக்கொண்டு போறன். அவரிட்டச் சொல்லுங்கோ."

"எத்தினை மணிக்கு அண்ணா?" என்று உடனே கேட்டா.