வீட்டில் வேறு யாருக்காவது

எனக்குக் காசநோய் என்று தெரிந்தபோது கல்யாணமாகி இரண்டாவது வருடம். திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத்தில் அல்வாலுக்கு வாழ வந்தவள் நான். கணவருக்கு ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. மாமியார், கல்லூரியில் படிக்கும் நாத்தனார், நாங்கள் இருவர், அவ்வளவுதான் வீடு. நானும் வேலைக்குப் போகலாமென்று அமீர்பேட்டில் ஒரு கோர்ஸில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் பஸ்ஸில் நின்றபடி இருமியபோது கைக்குட்டையில் ரத்தம் பார்த்தேன்.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஒரு வேளை விடாமல் சாப்பிட்டேன். இருமல் போகவில்லை, எடை இறங்கிக்கொண்டே போனது. மாமியார் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். மாடி அறைக்கு என்னை மாற்றினார். அதை நான் தவறாக நினைக்கவில்லை, நோய் அப்படி. ஆனால் பக்கத்து வீட்டாரிடம், "ஊர்லேந்தே கொண்டு வந்திருக்கா, அவங்க வீட்ல மறைச்சுட்டாங்க" என்று அவர் சொன்னது படிக்கட்டு வழியாக மேலே கேட்டது. அப்பாவுக்குப் போன் செய்து, நம் வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று நானே கேட்டேன். அப்பா போனிலேயே அழுதுவிட்டார்.

நாத்தனார் மட்டும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு மேலே வருவாள். நிலைப்படியில் உட்கார்ந்து கல்லூரிக் கதையெல்லாம் சொல்வாள். "நக்கோ அண்ணி, அழாதீங்க" என்று ஹைதராபாத் உருதும் தமிழும் கலந்து சொல்வாள். அந்த வீட்டில் எனக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பினேன்.

என் சளியை வேறொரு பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர வெகுநாள் ஆயிற்று. டாக்டரம்மா என்னையும் கணவரையும் உட்காரவைத்துத் தெலுங்கில் நிதானமாக விளக்கினார். முக்கியமான மருந்துகளுக்கு என் கிருமி மசியவில்லை. இனி இரண்டு வருடம் போல வேறு மருந்துகள், அதில் பல மாதம் ஊசி. காது மங்கலாம். குணமாகும் என்று உறுதி சொல்ல முடியாது. பிறகு கேட்டார். முதல் தடவையே இப்படிப்பட்ட கிருமி என்றால், மருந்தைப் பாதியில் விட்ட யாரிடமிருந்தாவது வந்திருக்கலாம், வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா?

"யாருக்கும் இல்ல மேடம்" என்றார் என் கணவர். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

டாக்டரம்மா விடவில்லை. வீட்டிலுள்ள எல்லோரும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும் என்றார். கணவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஆபீஸில் ரிலீஸ் வேலை என்பார், வெளிநாட்டு போன்கால் என்பார். அவருக்கும் ஒரு வறட்டு இருமல் இருந்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லோருமாகப் போனோம். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, இது பழைய தழும்பு, பக்கத்திலேயே புதுசும் இருக்கிறது, முன்பு எத்தனை மாதம் மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

பதில் சொன்னது மாமியார். "கல்யாணத்துக்கு முன்னாடி கொஞ்ச நாள் சாப்பிட்டான். நல்லாயிடுச்சு, விட்டுட்டான்" என்று தெலுங்கில் சொன்னவர், என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "பொண்ணு பாக்குற நேரத்துல இதையெல்லாம் வெளிய சொல்ல முடியுமா?"

நான் நாத்தனாரைப் பார்த்தேன். "ஒனக்கும் தெரியுமா?"

"ஹவ் அண்ணி, தெரியும். அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க."

கணவரின் சளியிலும் அதே மருந்துகளுக்கு மசியாத கிருமிதான் இருந்தது. முடிவு வந்த அன்று அவர் எல்லோரோடும் மேஜையில் உட்கார்ந்து, எப்போதும் சாப்பிடும் தட்டிலேயே சாப்பிட்டார். என் தட்டு மாடிப்படியில் வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. அம்மாவை வரவழைத்து ஹப்சிகுடாவில் ஓர் அறைக்குப் போய்விட்டேன்.

அந்த மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்காது. சுவரோரம் இல்லாத ஆட்கள் நடப்பதுபோல் தெரியும். காதுகளில் ஓயாத ரீங்காரம். பிறகு குக்கர் விசில் கேட்காமல் போனது, அம்மா என்னிடம் உரக்கப் பேசப் பழகினார். ஆனாலும் சளியில் கிருமி இல்லை என்று வந்தது, கடைசிவரை அப்படியே வந்தது. நான் பிழைத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒருமுறை கணவர் வந்தார். சட்டை உடம்பில் நிற்கவில்லை. நாலைந்து மாதத்தில் அவர் மறுபடியும் மருந்தை விட்டிருந்தார். வாந்தியோடு ஆபீஸ் போக முடியவில்லையாம்.

"நீ எப்படி இதையெல்லாம் முழுங்குறே?" என்றார். எனக்குக் கேட்கவில்லை. கிட்டே வந்து இன்னொரு தடவை கேட்டார்.

"அத விடுங்க. அன்னைக்கு டாக்டரம்மா கேட்டப்ப ஏன் இல்லன்னீங்க?"

"நீ போயிடுவேன்னு பயந்தேன்."

உண்மையாகவே பயந்திருக்கலாம். ஆனால் என் இருமல் தொடங்கியதிலிருந்தே அவர் பயந்து மறைத்த அந்த மாதங்களில் எனக்குச் சேர வேண்டிய மருந்து சேரவில்லை. அதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு போனார். மூன்றாம் முறை அவர் மருந்தைத் தொடங்கியபோது ஊசியும் வேலை செய்யவில்லை. கொடுக்க வேறு மருந்து இல்லை என்றார்கள். அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார்.

சாவுக்கு அம்மாவோடு போனேன். என்னைக் கண்டதும் மாமியார், "இவகிட்டேந்துதான் எம் புள்ளைக்கு வந்துச்சு" என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் கத்தினார். என் காதுக்கே கேட்டது. உறவினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நாத்தனாரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். அவள் எழுந்து உள்ளே போனாள்.

"அவருக்குத்தான் மொதல்ல இருந்துச்சு, அத்தை. எனக்கு அவருகிட்டேந்து வந்துச்சு" என்றேன். அம்மா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

மறுவாரம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை.