உலைக்களத்தில் போட்ட கோலம்

கோரையாறு ஒவ்வொரு மழைக்கும் கரையைத் தின்றுகொண்டிருந்த எழுபதுகள் அவை. வடகரப்பதிப் பக்கம் இடிந்த கரையொன்றில், பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலை வெளியே தெரிந்தது. அடுத்த மழை அதையும் கொண்டுபோவதற்குள் தோண்டி ஆராய ஒரு மலையாளி சார் வந்தார். மண் சுமக்கப் போனவர்களில் நானும் ஒருத்தி.

ஒரு நாள் சார், "நாளைக்குப் பெரிய சார் வரும். சுத்தமா இருக்கணும்" என்றார்.

பெரிய மனிதர் வருகிற இடத்தை வெறுமனே பெருக்கினால் போதுமா? விடிந்ததும் முதல் ஆளாகப் போனேன். உலைக்குள் கிடந்த கரியையும் சாம்பலையும் வழித்து ஓடுகிற தண்ணீரில் கொட்டினேன். தரையைச் சாணி போட்டு மெழுகி, கோலமும் போட்டேன்.

"ஏனுங்க சார், நல்லாருக்குங்களா?" என்று பெருமையாகக் கேட்டேன்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கரியை வெச்சுத்தான் இதோட வயசு கண்டுபிடிக்கணும்" என்றார்.

பெரிய சார் வந்தார். யார் செய்தது என்று மலையாளத்தில் கத்தினார். மெழுகச் சொன்னது தான்தான் என்று எங்கள் சார் சொன்னார். எனக்கு மலையாளம் நன்றாகவே புரியும். ஆனாலும் புரியாதவள்போல் சாணிச் சட்டியோடு நின்றேன்.

அன்றே சாரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது என்னிடம் வந்து, "கோலம் நல்லா இருந்தது, சேச்சி" என்றார்.

அடுத்த மழையில் உலை ஆற்றோடு போனது.

இப்போதும் என் வாசல் கோலத்தை யாராவது மெச்சினால், உள்ளே போய்விடுகிறேன்.