ஐம்பத்தெட்டாவது தட்டு

சத்துணவுக் கூடத்தில் அரிசி அளப்பதற்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டு வந்து சேர வேண்டும். வகுப்பு வகுப்பாகப் பெயர் கூப்பிட்டு முடித்ததும், இன்றைக்குச் சாப்பிடுகிறவர்கள் இத்தனை பேர் என்று பெரிய டீச்சர் எழுதி அனுப்புவார். அந்த எண்ணுக்குத்தான் உலை. கூடினால் சோறு வீண். குறைந்தால், வரிசையில் கடைசியாக நிற்கிற பிள்ளை என் முகத்தைப் பார்க்கும். கூட்டத்துக்குச் சமைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பார்வை எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

போடியிலிருந்து மலையேறும் ரோட்டோரத்தில் இருக்கிறது எங்கள் நடுநிலைப் பள்ளி. பிள்ளைகளின் அப்பா அம்மா பெரும்பாலும் விடியுமுன் ஜீப்பு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். நோய்க்காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பாடத்தைப் போனில் அனுப்பினார்கள். போன் அப்பாவிடமோ அம்மாவிடமோ மலையில் இருக்கும்; வீட்டில் பார்த்துக்கொள்ளவும் ஆள் கிடையாது. பிள்ளைகளும் அதே ஜீப்பில் ஏறிவிட்டார்கள். ஒன்றரை வருசத்துக்கு மேல் என் அடுப்பில் சிலந்திதான் குடியிருந்தது. மறுபடி கதவைத் திறந்தது ஐப்பசி மழையில். அப்போது நடந்தவற்றில் மறக்க முடியாத சிலதை எழுதுகிறேன்.

உப்பு

ஒன்றரை வருசம் வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் சமைத்த கை இது. திறந்த அன்று பெரிய அண்டா முன்னால் நின்றபோது, ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு எத்தனை கை உப்பு என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. கரித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து கொஞ்சமாகப் போட்டேன். அதுவே கூடுதலோ என்று சந்தேகம் வந்து தண்ணீரையும் வெந்த பருப்பையும் சேர்த்தேன். கூடச் சமைக்கிற பேச்சியம்மா, மகளுக்குப் பிரசவம் பார்க்கிற மாதிரி ஏன் இப்படி நடுங்குகிறாய் என்று கேட்டாள்.

பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் ஆசிரியர் ஒருவர் ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய டீச்சர் ஒரு கரண்டி சாம்பார் சோறு வாங்கி வாயில் போட்டார். முகம் வெளுத்துவிட்டது. முகக்கவசத்தை இழுத்து மூடிக்கொண்டு, யாரும் கிட்டே வராதீர்கள் என்று கையைக் காட்டிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாக்கில் ருசி போனால் அந்த நோய் வந்துவிட்டது என்று ஊருக்கே தெரிந்த காலம். அடுத்து சயின்ஸ் டீச்சர் வாங்கிச் சாப்பிட்டார். அவரும் வேப்பமரத்தடியில் தனியாகப் போய் நின்றார். நானும் ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்காரரையும் மகனையும் யார் வீட்டில் கொண்டுபோய்த் தங்கவைப்பது என்று நான் கலங்கிக்கொண்டிருக்கும்போது, பேச்சியம்மா இதற்குள் சோறு போட்டுவிட்டிருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தட்டோடு வந்து என் சேலையை இழுத்தது.

"ஆயாம்மா, சாம்பார்ல உப்புப் போட மறந்துட்டீகளா?"

ஹார்ன் சத்தம்

அதே வாரம் ஒருநாள் மதியத்துக்கு மேல், ரோட்டில் குறுக்கே வந்த மாட்டுக்காக ஒரு ஜீப்பு நீளமாக ஹார்ன் அடித்தது. அடுத்த நிமிசம் பாதிப் பள்ளிக்கூடம் எழுந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சின்னதுகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை, ஓடவுமில்லை. பழகிய வேலையைச் செய்கிற மாதிரி இருந்தது.

சயின்ஸ் டீச்சர் சமவெளிப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்த சில நாளிலேயே பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். யானை கீனை இறங்கிவிட்டதோ என்று பயந்து, சாக்பீசோடு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். கழுவிக்கொண்டிருந்த அண்டா மூடியைக் கையில் பிடித்தபடி நானும் முற்றத்துக்கு வந்து நின்றிருந்தேன். தோட்ட வேலையை விட்டு மலையிறங்கி இருபது வருசமாகியும் என் காலுக்கு அது தெரியவில்லை. பிறகு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான், இதுகூடத் தெரியவில்லையே என்ற இரக்கத்தோடு டீச்சருக்கு எடுத்துச் சொன்னாள்.

"ஹார்ன் அடிச்சா வெரசா எந்திரிச்சிரணும் டீச்சர், இல்லேன்னா மலையிலயே விட்டுட்டுப் போயிருவாக."

எடுக்காத தட்டு

எங்கள் பிள்ளைகளின் தட்டுகள் சமையல்கூடத்து அலமாரியில்தான் இருக்கும். அவரவர் தட்டில் அவரவர் பெயரை ஆணியால் கீறிவைத்திருப்பார்கள். மொத்தம் ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடம் திறந்து பத்து நாளில் ஐம்பத்தேழு தட்டுகள் அலமாரியை விட்டு இறங்கிவிட்டன. ஒன்று மட்டும் இறங்கவில்லை. எட்டாம் வகுப்புத் தாரணியின் தட்டு. பெயருக்குப் பக்கத்தில் ஒரு இலையும் கீறியிருப்பாள்.

அவளை எனக்கு நன்றாகத் தெரியும். புளி மடித்து வந்த பேப்பரைக்கூட விடமாட்டாள். அடுப்படியில் நின்று பாதிச் செய்தியைச் சத்தமாக வாசித்துவிட்டு, மீதி எங்கே ஆயாம்மா என்று குப்பையைக் கிளறுவாள். அவள் இப்போது அம்மா செல்வியோடு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறாள் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். டீச்சர்கள் இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தும் பூட்டுதான் தொங்கியது. வராத பிள்ளையின் பெயரை எத்தனை நாளைக்கு வைத்திருக்க முடியும் என்று பெரிய டீச்சர் கவலைப்பட்டார்.

எனக்கு வேறொரு கவலை. மத்தியானம் திடீரென்று அவள் வந்து நின்றால்? சோறு இல்லை என்று சொல்ல நேர்ந்தால், அதையே சாக்காக வைத்துத் திரும்பிப் போய்விட்டால்? சீட்டில் ஐம்பத்தேழு என்றுதான் வரும். அதற்குமேல் சர்க்கார் அரிசியில் கைவைக்க முடியாது. அதனால் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் அரிசியை முந்தானையில் முடிந்து வந்து உலையில் சேர்த்துக் கழுவிப் போடுவேன். தினமும் அந்தச் சோறு மிஞ்சும். தினமும் பேச்சியம்மாதான் அதைச் சாப்பிடுவாள்.

"நாளைக்காவது பொன்னி அரிசியா கொண்டா, வராத பிள்ள பேரச் சொல்லி எனக்கு விருந்து நடக்குது."

கங்காணி

ஆறாம் வகுப்பில் பாதியில் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. ஆனால் யாரும் கேட்கவில்லை என்பது இன்னும் என் மனதில் கிடக்கிறது. ஒருநாள் கோழி கூப்பிடும் நேரத்துக்கு எழுந்து, ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். வீட்டுக்காரர், உனக்கு எதற்கு இந்தச் சோலி என்று போர்வைக்குள்ளிருந்தே கேட்டார்.

ஜீப்பின் பின்பக்கம் அம்மாவின் மடியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள் தாரணி. வளர்ந்திருந்தாள். விரல் நுனிகளில் ஏலக்காய்க் கறை. ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த கங்காணி எனக்குத் தெரிந்தவர்தான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடச் சொன்னேன். முற்றினதை எடுத்துப் பிஞ்சை அப்படியே சரத்தில் விட்டுவைக்கப் பெரியவர்களுக்கே பல வருசம் பிடிக்கும், இவள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்லிவிடுவாள், இந்தக் கையைப் போய்ப் பேனா பிடிக்கச் சொல்கிறாயே என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. செல்வி என் முகத்தைப் பார்க்காமல், நான் வேண்டாமென்றா சொல்கிறேன் மதினி, அவளையே கேட்டுக்கொள் என்றாள். கேட்டேன். ஹார்ன் அடித்து ஜீப்பு நகரும்போதுதான் பதில் வந்தது.

"எழுத்தெல்லாம் மறந்துபோச்சு ஆயாம்மா, சின்னப் பிள்ளைக முன்னாடி எழுத்துக்கூட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீகளா?"

மண் சரிந்த நாள்

அடுத்த வாரம் ஒருநாள் ராத்திரி முழுக்க மழை. போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்து ஜீப்பு ஏறவில்லை. அன்றைக்குக் காலையில் செல்வி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், தனியாக. அவள் நேராகப் பெரிய டீச்சரிடம் போனபோதே எதற்கென்று ஊகித்துவிட்டேன். நினைத்தது சரிதான். மகளின் பெயரை எடுத்துவிடுங்கள், சர்டிபிகேட் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். பெரிய டீச்சர் எவ்வளவோ சொல்லியும், பிள்ளை கூச்சப்படுகிறாள் டீச்சர், நான் என்ன செய்ய என்றே நின்றிருக்கிறாள். கடைசியில், எழுதிவைக்கிறேன், நாளை மறுநாள் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்த செல்வி கிளம்பவில்லை. வராந்தாவில் சயின்ஸ் டீச்சரின் குரல் கேட்டதும் நின்றுவிட்டாள். இந்தக் குரலை எனக்குத் தெரியும் மதினி, ஒன்றரை வருசமாக என் மடியில் இருந்த குரல் என்றாள். தோட்டத்தில் கேரளத்து டவர் நன்றாக எடுக்குமாம். டீச்சர் அனுப்பிய பாடங்களை மகளுக்காகப் போட்டுவிட்டு, போனை மடியில் செருகிக்கொண்டு காய் எடுப்பாளாம். கொஞ்ச நாளில் மகள் கேட்பதை விட்டுவிட்டாள். தாய் விடவில்லை. கடைசியாக வந்த பாடத்தில் முதல் பாதிதான் வந்தது. இரண்டாம் பாதி வருவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள், அதில் ஒரு சந்தேகம் மனதிலேயே நிற்கிறதாம்.

கேட்டுவிட்டுப் போ என்று நான் அவள் கையைப் பிடித்து டீச்சரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எதற்கு இழுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. செல்வி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். நான் ஏலச்செடியைப் பதினைந்து வருசம் தொட்டிருக்கிறேன். எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை.

"இல வெயில வச்சுத்தான் தனக்குச் சோறாக்குதுன்னு சொன்னீக டீச்சர், எங்க ஏலச்செடி பூராவும் மரத்து நெழல்லதான நிக்குது, அதுக்குச் சோறு எப்படி ஆகுது?"

பதில்

டீச்சர் சமாளிக்கவில்லை. எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை அம்மா, இன்றைக்குப் படித்துப் பார்க்கிறேன், நாளைக்குத் தாரணியை அனுப்புங்கள், அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். செல்வி துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டாள். ஒரு நாளைக்கு என்றால் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். மழை விட்டு ஜீப்பு ஏறிவிட்டால் அந்த ஒரு நாளும் போய்விடுமே என்று ராத்திரி முழுக்க நான் ஓட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

தாரணி வந்தாள். கண் மட்டும் தெரிகிற மாதிரி முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பருப்பைப் பேச்சியம்மாவிடம் விட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். டீச்சர் புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை. நிழலிலும் கொஞ்சம் வெளிச்சம் உண்டு, அதைப் பிடிக்கிற மாதிரி ஏலச்செடியின் இலை அமைந்திருக்கிறது என்று படித்தேன், ஆனால் தோட்டத்தை நான் பார்த்ததில்லை, நீ பார்த்ததைச் சொல் என்று அவளைக் கேட்டார். அவள் மெதுவாக ஆரம்பித்தாள். இலை அகலமாகக் கரும்பச்சையாக இருக்கும் என்றாள். நிழல் அடர்ந்துபோனால் காய் பிடிக்காது, வெயில் நேரே அடித்தால் இலை கருகிவிடும், அதனால்தான் மழைக்கு முன்னால் மரக்கிளைகளைக் கவாத்துப் பண்ணி அளவாக வெளிச்சம் விடுகிறார்கள் என்றாள்.

டீச்சர் அவள் சொன்னதை அப்படியே போர்டில் எழுதிவிட்டு, அவளையே வாசிக்கச் சொன்னார். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் நின்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. மற்ற பிள்ளைகள் குனிந்து அவள் வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பெற்ற மகன் பரீட்சையில் தேறியபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு நிமிரவில்லை. பருப்பு அடிபிடித்த வாசனை வந்த பிறகுதான் அடுப்படிக்கு ஓடினேன். அங்கே அன்றைய சீட்டு காத்திருந்தது. ஐம்பத்தெட்டு என்று எழுதி, அதன் கீழே பெரிய டீச்சர் ஒரு வரி சேர்த்திருந்தார்: இனி வீட்டு அரிசி வேண்டாம்.

மறுநாள் ரோடு சரியாகி ஜீப்பு ஏறியது. சர்டிபிகேட்டை எழுதி மேசையில் வைத்துவிட்டுப் பெரிய டீச்சர் காத்திருந்தார். அதை வாங்கிப்போகச் செல்வி வரவில்லை. தாரணி வந்தாள். முந்தின நாள் விருந்தாளி மாதிரி இலையில் வாங்கிச் சாப்பிட்டவள், மத்தியானம் அலமாரியிலிருந்து தன் தட்டை எடுத்து, தூசி போகக் கழுவிக்கொண்டு வரிசையில் கடைசியாக வந்து நின்றாள். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்க எனக்குப் பயம். சோற்றை வாங்கிக்கொண்டு அவளாகவே சொன்னாள்.

"அந்தப் பதில் சரியாத்தான் இருக்காம் ஆயாம்மா, இனிமே அன்னன்னைக்கு நடத்துற பாடத்த சாயங்காலம் வந்து ஒண்ணுவிடாம சொல்லணும்னு எங்கம்மா சொல்லிருச்சு."

சீட்டில் இப்போது ஐம்பத்தெட்டு என்று சரியாகவே வருகிறது, கவலைப்படுவதற்கு எனக்கு உப்பு ஒன்றுதான் மிச்சம்.