மேல் வரிசைக் கோன்

கழுத்தில் இருந்த புற்றுக்கட்டியை எடுத்துவிட்டார்கள். அதோடு வலது தோளும் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியும் இருக்கலாம். எட்டாவதோடு படிப்பை விட்டவன், கையெழுத்துப் போட்ட காகிதத்தை எங்கே படித்தேன். தையல் பிரித்த பிறகு தலைவாரக் கையைத் தூக்கினேன். சீப்பு காதுவரைகூட வரவில்லை.

சூரத், பீவண்டி, ஆலப்புழை என்று சுற்றியவன், அதிக நாள் தங்கியது திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சலில் ஒரு நிட்டிங் கம்பெனியில்தான். பனியன் துணி பின்னுகிற வட்ட மெஷின் என்னுடையது. நூல் தீரத் தீர ஸ்டாண்டில் புதுக் கோன், அதாவது நூல் சுற்றிய கூம்பு, மாட்ட வேண்டும். மேல் வரிசை தலைக்கு மேலே இருக்கும்.

திரும்பிப் போனபோது என் மெஷினில் ஒடிசாக்காரர் ஒருவர் நின்றார். சூப்பர்வைசர் எனக்குத் துடைப்பத்தைக் கொடுத்தார்.

"மேல் வரிசைக்கு நீங்களே கோன் மாட்டற அன்னைக்கு மெஷினு உங்களுதுங்க. தீவாளி வரைக்கும் பாக்கறேன்."

பிசியோதெரபி பார்த்த பெண் அவிநாசிக்காரர். சுவரில் விரல்களால் எறும்பு மாதிரி ஏறச் சொன்னார். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். நரம்பு அடிபட்டிருக்கிறது, மெதுவாகத்தான் வரும், மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

திருப்பூரில் யாருக்கு மெதுவாக வேலை செய்யத் தெரியும்? இங்கே ஒன்றரை ஷிப்ட் சாதாரணம். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஒரு வாரத்து வேலையை ஒரே மூச்சில் முடித்து அனுப்புவோம். தோளையும் அப்படித்தான் நினைத்தேன். சனிவரை பஞ்சு கூட்டிவிட்டு வந்து படுத்துவிடுவேன். ஞாயிறு காலை சுவர்முன் நின்று, விட்டதையெல்லாம் சேர்த்து ஏறுவேன். இருநூறு தடவை ஏறிய ஞாயிறும் உண்டு. வலித்தால் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கோடும் வாராவாரம் மேலே போனது.

ஆறாவது வாரம் கையைத் தோள் உயரத்துக்குக்கூட எடுக்க முடியவில்லை. அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சுவர்முன் என்னை நிறுத்தி, முதுகில் கைவைத்துப் பிடித்துக்கொண்டு ஏறச் சொன்னார். விரல்கள் நெஞ்சுக்கு நேரே நின்றுவிட்டன.

"ஏனுங்ணா, இத்தன நாளா கை ஏறலீங்க. இடுப்பச் சாய்ச்சு ஒடம்பத்தான் ஏத்தியிருக்கறீங்க. இது ஓவர்டைம் பாக்கற வேல இல்லீங்க."

இரண்டு வாரம் கையைத் தொங்கவிடாமல் கட்டித் தாங்கி வைக்கச் சொன்னார். அதற்குள் தீபாவளி நெருங்கிவிட்டது.

சூப்பர்வைசர் ஒரு கோனை என்னிடம் நீட்டினார். இடது கையை வலது முழங்கைக்கு அடியில் கொடுத்துத் தள்ளினேன். கோன் காதுவரை வந்து நின்றது. மெஷினும் நின்றிருந்தது, நூல் இல்லாமல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.  ஒடிசாக்காரர் என் கையிலிருந்து கோனை வாங்கி மாட்டினார். அவர் குதிகாலைக்கூடத் தூக்கவில்லை.

"பரவால்லீங்க, கீழ எத்தனையோ வேல கெடக்குது," என்றார் சூப்பர்வைசர். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே வேறு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன்.

இப்போது பத்துத் தடவை, மூன்று வேளை. ஒன்றுகூடக் கூட்டுவதில்லை. சட்டையை நானே போட்டுக்கொள்கிறேன். சுவரில் இடுப்பைச் சாய்த்துப் போட்ட கோடுகளையெல்லாம் அழித்துவிட்டேன். மிச்சம் இருப்பது சாயாமல் போட்ட ஒரே கோடு, என் மோவாய் உயரத்தில்.