முப்பத்தோராம் மாடியில் கழற்றி வைத்த சப்பாத்து

குளியலறைக் குழாய்களைத் திறந்து மூடி, ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில். இதற்கும் சம்பளமா என்று கேட்பவர்கள், ஒழுகும் குழாய்க்குக் கீழே வாளி வைத்துவிட்டுப் படுத்தவர்களாக இருக்க மாட்டார்கள். மெல்பேர்னில் குழாய் இறக்குமதி செய்யும் ஒரு சின்னக் கம்பனியில் நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதமும் பிழையில்லாமல் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அந்த நேரம் பார்த்து முதலாளி கிரெக் என்னைச் சீனாவுக்கு, குவாங்சோ நகரத்துக்கு அனுப்பினார்.

புதன்கிழமை மத்தியானம் குழாய்களை ஏற்றிய கொள்கலன் துறைமுகத்துக்குப் போகும். அதற்குள் நான் சரக்கைப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். போன தடவை யாரும் பார்க்காமல் வந்த குழாய்கள் ஒரு அடுக்குமாடி முழுக்க ஒழுகின. எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் அத்தோடு வீட்டுக்குப் போனார். தொழிற்சாலைக்காரர் எனக்கு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் அறை போட்டிருந்தார்கள். வேலைக்காக வெளியூர் போய், பெரிய ஹோட்டல்களில் திருதிருவென்று முழித்த அன்பர்களே, என் கதையையும் கேளுங்கள்.

கைபிடி இல்லாத குழாய்

திங்கட்கிழமை பின்னேரம் அறைக்குள் கால் வைத்ததும் திரைச்சீலை தானாக விலகியது. யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று நினைத்து “சொறி” சொன்னேன். மலசலகூடத்துக்குப் போனால், என்னைக் கண்டதும் அதன் மூடி எழுந்து நின்றது. இவ்வளவு மரியாதை எனக்கு ஊரிலும் கிடைக்கவில்லை, அவுஸ்திரேலியாவிலும் கிடைக்கவில்லை. ஆனால் முகம் கழுவத்தான் முடியவில்லை. சுவரிலிருந்து வெறும் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கைபிடி இல்லை. அமத்தினேன், இழுத்தேன், தீர்த்தம் வாங்குவதுபோல் கையை ஏந்திக்கொண்டும் நின்றேன். அரை மணித்தியாலம் போனது. கடைசியில் மானத்தை விட்டுக் கீழே போன் பண்ணினேன்.

சாம்பல் நிறச் சீருடையில் திருத்த வேலைக்காரர் ஒருவர் குறடும் திருகாணியுமாக ஆயுதப் பையோடு வந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த வட்டத் தட்டிலிருந்து என் சவர்க்காரத்தை எடுத்து ஓரமாக வைத்தார். தட்டைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. நான் சவர்க்காரத் தட்டு என்று நினைத்தது கைபிடி. வெட்கத்தை மறைக்க ஏதாவது பேச வேண்டுமே என்று, அவருடைய மொழிபெயர்ப்புப் போனில் என் தொழில் என்னவென்று இங்கிலிசில் சொல்லித் தொலைத்தேன். அவர் சிரிக்கவில்லை. சீனத்தில் வந்ததை வாசித்துவிட்டு மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

“அப்படியென்றால் நீங்களே சொல்லுங்கள் ஐயா, இந்தக் குழாய் நல்லதா?”

படுக்காத கட்டில்

அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்து விசாவுக்காகக் காத்திருந்த காலத்தில், மெல்பேர்ன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் நான் ஆறு வருடம் அறை துப்புரவு செய்தனான். ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. குலைந்து கிடக்கும் கட்டிலைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு இடுப்பு வலிக்கும். அதனால் செவ்வாய்க்கிழமை காலை எழும்பியதும் கட்டிலை நானே விரித்தேன். விரிப்பின் மூலைகளை மடித்துச் செருகி, தொட்டியைத் துடைத்து, பெட்டியை அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கதவைத் திறந்தால் வெளியே துப்புரவு வண்டியோடு ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், மனதுக்குள் அக்கா என்றே கூப்பிட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தவர் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவின் இலக்கத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய் விரிப்பின் மூலையைத் தடவினார். இங்கே விருந்தாளி கட்டில் விரிப்பது குற்றமோ, அபராதம் கேட்பார்களோ என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் போனில் ஏதோ சொல்லி என்னிடம் நீட்டினார்.

“ஐயா, நேற்று இரவு நீங்கள் எங்கே தூங்கினீர்கள்?”

அதென்ன கோயிலே

அன்று முழுக்கத் தொழிற்சாலையில் நின்றும், கடைசிச் சில பெட்டிகள் புதன் காலைக்கு மிஞ்சிவிட்டன. இரும்பு முனை வைத்த சப்பாத்து இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் இரவல் சப்பாத்துகள் வைத்திருந்தார்கள். என் கால் அவற்றில் பாதிக்கு மேல் போகவில்லை, நல்லவேளை, என்னுடையதைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஹோட்டலுக்குத் திரும்பும்போது அதில் உலோகத் தூள் அப்பியிருந்தது. அறைக்குள்ளோ பால் வெள்ளைக் கம்பளம். மெல்பேர்னின் ரோவில் புறநகரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். சப்பாத்தை வாசலில் கழற்றிச் சோடியாக வைத்துவிட்டு உள்ளே போனேன். யோசித்துச் செய்த காரியமில்லை, கால் பழக்கம்.

புதன் காலை வழக்கம்போலக் கட்டிலை விரித்து, செருப்போடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் சப்பாத்தைக் காணோம். எட்டரைக்குக் கார் வரும். மத்தியானம் கொள்கலன் போய்விடும். வாசலில் இருந்த சப்பாத்தைக் காணவில்லை என்று வரவேற்புக்குப் போன் பண்ணினேன். ஐந்து நிமிடத்தில் மணி அடித்தது. இடுப்பளவு ரோபோ ஒன்று நின்றது. அதன் மூடி திறந்தால் உள்ளே வெள்ளைத் துணிச் செருப்பு ஒரு சோடி. மறுபடி போன் பண்ணினேன், மறுபடி ரோபோ, மறுபடி துணிச் செருப்பு. நாலு சோடி சேர்ந்துவிட்டது. தொலைந்த பொருட்கள் வைக்கும் இடத்தில் தேடிப் பார்த்தோம், அங்கேயும் இல்லை என்றார்கள். சப்பாத்துத் துலைஞ்சதால சரக்குப் பார்க்கேல்லை என்று கிரெக்கிடம் எந்த வாயால் சொல்வது? மனம் கேட்காமல் வீட்டுக்குப் போன் எடுத்தேன். மனைவி சுகந்தி முழுதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“அஞ்சு நட்சத்திர ஹோட்டலில ஆரப்பா வாசலில சப்பாத்துக் கழட்டுறது? அதென்ன கோயிலே?”

கீழ்த்தளம்

அந்த மாடியில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் அக்காதான். துணிச் செருப்போடு ஓடினேன். இரண்டு அறை தள்ளி நின்றார். போனில் இருந்த படம் ஒன்றில் சப்பாத்தைக் காட்டினேன். அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். கையைப் பிடிக்காத குறையாக என்னை வேலையாட்களின் லிஃப்டில் கூட்டிக்கொண்டு போனார். சலவை மணமும் நசுங்கிய தகரச் சுவருமாக, ஆறு வருடம் நான் ஏறி இறங்கிய லிஃப்ட் மாதிரியே இருந்தது. கீழ்த்தளத்தில் திருத்த வேலைக்காரர்களின் அறை. அங்கே தட்டில், அவர்களுடைய சப்பாத்துகளுக்கு நடுவில், என்னுடையது இருந்தது. தூள் தட்டி, துடைத்து, அறுந்து கிடந்த நாடாவை மாற்றிப் புது நாடாவும் போட்டிருந்தது.

என் அறைக்குத் திருத்த வேலைக்கு வந்த யாரோ கழற்றி வைத்து மறந்துவிட்டுப் போனார் என்று அக்கா நினைத்திருக்கிறார். போனில் நீளமாக ஏதோ சொன்னார். இங்கிலிசில் வந்தது கொஞ்சம்தான்: “மன்னிக்க வேண்டும் ஐயா. வேலை செய்கிற ஆளின் சப்பாத்து என்று நினைத்துவிட்டேன்.” அவருடைய போனை வாங்கி, நீங்கள் நினைத்தது சரிதான், நானும் ஆறு வருடம் ஹோட்டலில் கட்டில் விரித்தவன் என்று சொன்னேன். சீனத்தில் வந்ததை இரண்டு தரம் வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அதுதானே பார்த்தேன், மூலை மடிப்பு அவ்வளவு சரியாக இருந்தது.”

பத்து மணிக்கு முன்பே தொழிற்சாலையில் நின்றேன். இரண்டு பெட்டிக் குழாய்கள் ஒழுகின. அவற்றை இறக்கி வைத்துவிட்டு மிச்சத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் வேலையும் நிரந்தரமானது. ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தங்கியவன் என்று ரோவிலில் எனக்கு இப்போது ஒரு பெயர். அந்த ஹோட்டலில் என்னை இன்னாரென்று சரியாகக் கண்டுகொண்டவரோ, என் சப்பாத்தைக் கொண்டுபோய் வேலைக்காரர் தட்டில் வைத்த அக்கா ஒருவர்தான்.