காலி ஃபைலும் கண்ணாடிக்கடைக்காரரும்

கண்ணாடிக்கடைக்காரர் படித்தது மூன்றாம் வகுப்பு. லென்ஸ் பட்டறையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவர், இன்று சொந்தக் கடையில் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டியே பவர் சொல்லிவிடுவார். மெஷின் பிறகு வந்து ஆமாம் போடும். அப்பேர்ப்பட்ட கை. அவருக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: காலியாகக் கிடப்பது. காலி டப்பாவோ காலிப் பெட்டியோ கண்ணில் பட்டால் அந்த நிமிஷமே வெளியே போய்விடும்.

அவர் மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். ஆர்டர் நோட்டை மூடச்சொல்லி, நான்கு மாதம் உட்கார்ந்து புரோகிராம் எழுதினாள். கடையில் இரண்டு கவுண்டர், நடுவில் ஒரே கம்ப்யூட்டர். இரண்டு கவுண்டரின் புரோகிராமும் ஒரே இடத்திலிருந்துதான் அடுத்த ஆர்டர் நம்பரை எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் கைவைத்தால் இரண்டு பேருக்கு ஒரே நம்பர் விழுந்துவிடும். அதற்காகவே யாரோ முன்பே எழுதிவைத்த, லைப்ரரி என்று சொல்லப்படும் ஆயத்தப் புரோகிராம் ஒன்றைச் சேர்த்தாள். ஒரு புரோகிராம் நம்பர் எடுத்துச் சீட்டு அச்சடித்து முடியும்வரை பூட்டிக்கொள்ளும், மற்றது காத்திருக்கும்.

அப்படியும் ஒரே நம்பர் இரண்டு பேருக்கு விழுந்தது. தையல்காரம்மாவின் கண்ணாடி பஸ் டிரைவர் கைக்குப் போயிற்று. நல்லவேளை, அவர் வாசலிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். லென்ஸ் அரைக்கும் நெட்டையன், நோட்டு என்றைக்காவது இப்படிச் செய்ததா என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டான். இன்னொரு தடவை நடந்தால் புரோகிராமுக்கு முழுக்கு, பழையபடி நோட்டுதான் என்று கடைக்காரர் தீர்ப்புச் சொன்னார்.

மறுவாரமே நடந்தது. மருமகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் கெடு கேட்டாள். பூட்டுக்கென்று இருக்கும் ஃபைல் தினமும் காலை பத்து மணிக்குப் புதிதாக முளைப்பதைக் கண்டுபிடித்து மாமனாரிடம் வந்தாள்.

"மாமா, காலைல கம்ப்யூட்டரை யாராவது தொடுறாங்களா?"

"நான்தாம்மா. ஒரு காலி ஃபைலு டெய்லி வந்து உக்காந்துக்குது. நானும் டெய்லி அழிக்கிறேன். இந்தக் கடையில வேற யாருக்கு அந்தப் பொறுப்பு இருக்கு?"

மருமகள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அதுதான் மாமா பூட்டு."

"உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா."

"பாத்ரூம் கதவுக்குள்ள என்னத்தத் தேடுவீங்க? ஒருத்தர் உள்ள இருக்கும்போதே கதவைக் கழட்டி எறிஞ்சிட்டீங்க. அடுத்தவர் வந்து புதுக் கதவு மாட்டித் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார். இப்ப உள்ள ரெண்டு பேர். நாம மட்டும்தான் இருக்கோம்னு ரெண்டு பேருக்கும் நெனப்பு."

 புரோகிராமில் இருந்த தப்பைத் தானே சரிசெய்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொள்வதாகவும், மாமா அழித்தது வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் அவள் மெதுவாகச் சொன்னாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து போய் அரைக்கும் மெஷினை நிறுத்தச் சொன்னார். பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு தடவையும் தப்பு என்னோடது. இவ எழுதினது சரி. நோட்டுப் பேச்சை இனி எவனும் எடுக்கக்கூடாது."

நெட்டையன் மெஷினை மறுபடி ஓடவிட்டான்.

மருமகள் அந்த ஃபைலை வேறெங்கோ மாற்றிவிட்டாள். எங்கே என்று கேட்டால், உங்களுக்கு மட்டும் சொல்லமாட்டேன் மாமா என்கிறாள். தன் கடையில் தன் கண்ணுக்கே அகப்படாத ஒரு பொருளை வைக்கத் தெரிந்தவள் தன் மருமகள் ஒருத்திதான் என்று, கண் சோதனைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் பீற்றிக்கொள்கிறார்.